விளம்பரக் கிளிக் கணக்கு: என் கணக்கில் 412, கடைக்காரர் கணக்கில் 121. எது சரி?

#1 மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 3, காலை 9:40

வணக்கம். திருச்சியிலிருந்து மாடித்தோட்டம் பற்றி ஐந்து வருடமாக வலைப்பூ எழுதுகிறேன். வேர்ட்பிரஸ், சொந்த டொமைன், சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங். இதுவரை விளம்பரம் போட்டதில்லை. ஜூன் மாதம் விதையும் குரோ பேக்கும் விற்கும் கடைக்காரர் ஒருவர் ஆடிப்பட்டத்துக்கு விளம்பரம் தர முடியுமா என்று கேட்டார். கிளிக்குக்கு 5 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். ஜூலை 1 முதல் பக்கவாட்டில் ஒரு பேனர், நான்கு பதிவுகளுக்கு நடுவில் எழுத்து இணைப்பு, இரண்டும் வைத்தேன்.

இணைப்பை நேராகக் கொடுக்காமல், என் தளத்திலேயே ஒரு குட்டி முகவரி வைத்து அங்கிருந்து கடைக்குத் திருப்பிவிடும் பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) ஒன்றைப் போட்டிருக்கிறேன். யார் அந்த முகவரிக்குப் போனாலும் அது ஒன்று கூட்டிக்கொள்ளும். ஜூலை முடிவில் 412 காட்டியது. 2,060 ரூபாய் என்று பில் அனுப்பினேன். கடைக்காரர் தன் தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் அறிக்கையின் படத்தை அனுப்பினார். என் தளத்திலிருந்து வந்தவர்கள் 121 என்று இருக்கிறது. அவர் கணக்குப்படி 605 ரூபாய்.

அவர் கோபப்படவில்லை. "பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றுதான் சொன்னார். ஆனால் எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பணத்துக்காக இல்லை, கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்றுதான். இதில் எந்த எண் உண்மை? எப்படிக் கண்டுபிடிப்பது?

#2 எட்டாம்பக்கம் | ஆகஸ்ட் 3, காலை 10:15

இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்பிருக்கிறது. இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை எண்ணியிருப்பீர்கள். உங்கள் பிளகின் எண்ணுவது கதவைத் தட்டியவர்களை. அனலிட்டிக்ஸ் எண்ணுவது உள்ளே வந்து உட்கார்ந்தவர்களை. அதுவும் எந்தத் தெரு வழியாக வந்தார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும்.

#3 பழையசர்வர் | ஆகஸ்ட் 3, பகல் 12:30

சகோதரி, பில்லை மாற்றி அனுப்ப இன்னும் நேரமிருக்கிறது, அவசரப்பட வேண்டாம். பிளகின் காட்டும் மொத்தத்தை வைத்துக்கொண்டு பேசினால் ஒரு முடிவும் வராது. சர்வர் லாக் வேண்டும், அதாவது யார் எப்போது எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று சர்வரே எழுதிவைக்கும் பதிவேடு. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் 'ரா ஆக்சஸ்' என்ற பகுதி இருக்கும். அங்கே ஜூலை மாதக் கோப்பு சேமிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். சேமிக்கும் தேர்வைப் போடாமல் விட்டிருந்தால் பழையது அழிந்திருக்கலாம்.

கோப்பு கிடைத்தால் அதில் அந்தக் குட்டி முகவரி வரும் வரிகளை மட்டும் பிரித்து ஒரு விரிதாளில் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, நேரம், கேட்கப்பட்ட முகவரி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த பிரவுசர் என்று இருக்கும். அந்தக் கடைசிப் பத்தியை, அதாவது பிரவுசர் நெடுவரிசையை, முதலில் படியுங்கள்.

இணைய விளம்பரத் துறைக்கே இது பழைய தகராறுதான். 2009ல் இணைய விளம்பரத் துறை அமைப்பான ஐஏபியும், ஊடக அளவீடுகளைத் தணிக்கை செய்யும் எம்ஆர்சியும் சேர்ந்து கிளிக் அளவீட்டுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். வாசகர் விரல் பட்டது, அது விளம்பர சர்வரில் பதிவானது, விளம்பரதாரரின் பக்கம் வரை போய்ச் சேர்ந்தது என்று கிளிக்கைப் படிப்படியாகத்தான் பார்க்கிறது அது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் உதிர்வார்கள். பாட்களை, அதாவது மனிதர் இல்லாமல் தானாக வந்து போகும் நிரல்களை, கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. உங்கள் பிளகின் கழித்ததா?

#4 மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 3, மதியம் 2:05

நன்றி அண்ணா. ஜூலை கோப்பு இருக்கிறது! பாட்களைக் கழித்ததா என்று தெரியவில்லை. பிளகினில் அப்படி ஒரு தேர்வு இருக்கிறது, ஆனால் காசு கட்டிய பதிப்புக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்னிடம் கழித்திருக்காது.

#5 கடைத்தெரு | ஆகஸ்ட் 3, மாலை 6:50

நான் விளம்பரம் கொடுக்கும் பக்கத்து ஆள். ஈரோட்டில் ஜவுளிக்கடை. கடைக்காரர் காட்டிய 121 எந்த அறிக்கையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நாங்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. 'ரெஃபரல்' என்ற வரிசையைத் திறந்து, அதில் உங்கள் தளத்தின் பெயருக்கு நேரே என்ன எண் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வோம். பெயர் தெரியாமல் வந்தவர்கள் எல்லோரும் 'டைரக்ட்' என்ற வரிசைக்குப் போய்விடுவார்கள். அதைப் பார்க்கவே மாட்டோம்.

#6 பழையசர்வர் | ஆகஸ்ட் 3, இரவு 8:20

கடைத்தெரு சொன்னது மிக முக்கியம். அதற்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு காரணம் இருக்கலாம் சகோதரி. வேர்ட்பிரஸ் எடிட்டரில் 'புதிய தாவலில் திற' என்று தேர்ந்தெடுத்தால், இணைப்போடு 'நோரெஃபரர்' என்ற சொல்லையும் அதுவே சேர்த்துவிடும். அது இருந்தால் வாசகர் எந்தத் தளத்திலிருந்து வருகிறார் என்ற தகவலை பிரவுசர் கடைக்குச் சொல்லாது. இடையில் உங்கள் குட்டி முகவரி போல ரீடைரக்ட் (திருப்பிவிடுதல்) இருந்தாலும் இதே கதைதான், மறைந்தது மறைந்ததுதான்.

பக்கவாட்டுப் பேனரை நீங்கள் கையால் எச்டிஎம்எல் எழுதி ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் அந்தச் சொல் இருக்காது. அப்படியானால் கடைக்காரர் பார்த்த 121 பேர் பெரும்பாலும் பேனர் வழியாகப் போனவர்கள். பதிவுக்குள் இருந்த இணைப்புகள் அவர் கண்ணில் படவே இல்லை. வாட்ஸ்அப்பில் எங்காவது அந்தக் குட்டி முகவரியைப் பகிர்ந்தீர்களா? அதுவும் 'டைரக்ட்' என்றுதான் விழும்.

#7 மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 3, இரவு 9:10

பகிர்ந்தேன் அண்ணா. ஆடி முதல் நாள் மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலும், டெலிகிராம் சேனலிலும், பேஸ்புக்கிலும் போட்டேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று தலைப்பு வைத்து, கீழே நேராக அந்த முகவரியையே கொடுத்துவிட்டேன். அது தப்பா?

#8 எட்டாம்பக்கம் | ஆகஸ்ட் 3, இரவு 9:25

தப்பில்லை, ஆனால் கணக்கு குழம்பும். வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை ஒட்டியதும் படத்தோடும் தலைப்போடும் ஒரு முன்னோட்டம் வருகிறதல்லவா? அதை எடுத்துவர ஒருமுறை உங்கள் முகவரிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரும். யாராவது அதை நகலெடுத்து வேறு குழுவில் ஒட்டினால் இன்னொரு முறை. பேஸ்புக், டெலிகிராம் இரண்டும் தங்கள் சர்வரிலிருந்து வந்து பார்க்கும். மனிதர் ஒருவரும் தொடாமலே உங்கள் எண்ணிக்கை ஏறியிருக்கும். லாகில் அவை பெயரோடு இருக்கும், கண்டுபிடிப்பது சுலபம்.

#9 புதுவலை | ஆகஸ்ட் 4, காலை 7:30

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பிளாகரில் எழுதுகிறேன். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் இப்போதுதான் கிடைத்தது. அதன் கிளிக்குகளையும் இப்படி நானே எண்ணிப் பார்க்க முடியுமா? அறிக்கையில் ஒரு நாள் 6 கிளிக் என்று இருந்தது, மாதம் முடிந்ததும் வருமானம் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்.

#10 பழையசர்வர் | ஆகஸ்ட் 4, காலை 11:00

தம்பி, நேரடி விளம்பரமும் ஆட்சென்ஸும் வேறு வேறு. ஆட்சென்ஸ் விளம்பரம் உங்கள் பக்கத்தில் தெரிந்தாலும் அது உங்கள் பக்கம் அல்ல. ஐஃப்ரேம் என்ற சட்டத்துக்குள் கூகுளின் டொமைனிலிருந்து வரும் தனிப் பக்கம். வேறொரு டொமைனின் சட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எட்டிப் பார்க்க முடியாது. பிரவுசரின் அடிப்படைப் பாதுகாப்பு விதி அது. அந்த விதி இல்லையென்றால் ஒரு தளத்துக்குள் இருந்துகொண்டு உங்கள் வங்கிப் பக்கத்தையும் படித்துவிடலாம்.

ஒரு சுற்றுவழி இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தின் கவனம் சட்டத்துக்குள் போகும் நொடியைப் பிடித்து, அதைக் கிளிக் என்று எண்ணுவது. நானும் சோதித்துப் பார்த்திருக்கிறேன். விசைப்பலகையில் டேப் விசையால் உள்ளே போனாலும் எண்ணும். ஒருமுறை உள்ளே போன பிறகு அங்கேயே இரண்டாவது முறை சொடுக்கினால் எண்ணாது. கைபேசியில் இன்னும் மோசம். அதை நம்பி ஒன்றும் தீர்மானிக்க முடியாது. விளம்பரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அடுக்கு ஒன்றைப் போட்டு எண்ணுவது என்று இன்னொரு வழி சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், கணக்கு மூடப்படும். சோதிப்பதற்காகக்கூட உங்கள் விளம்பரத்தை நீங்களே தொடக் கூடாது.

வருமானம் குறைந்தது பற்றி: நாள்தோறும் காட்டுவது மதிப்பீடு மட்டும். மாத முடிவில் செல்லாத போக்குவரத்தைக் கழித்துவிட்டு இறுதித் தொகை வரும். இன்னொன்று, ஆட்சென்ஸ் இப்போது கிளிக்குக்குப் பணம் தருவதில்லை. 2023 நவம்பரில் அறிவித்துவிட்டு, 2024 தொடக்கத்தில் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குப் பணம் என்று மாறிவிட்டார்கள். தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் வந்ததே 2018 பிப்ரவரியில்தான். அந்தக் காலத்தில் எழுதிய வழிகாட்டிகள் எல்லாம் கிளிக்கை வைத்தே பேசும். அவற்றைப் படித்துக் குழம்ப வேண்டாம். எந்த விளம்பர இடம் வேலை செய்கிறது என்று தெரிய, ஒவ்வோர் இடத்துக்கும் தனி விளம்பர யூனிட் உருவாக்கிப் பெயர் வைத்தால் அறிக்கையிலேயே தனித்தனியாக வரும். அது போதும்.

#11 புதுவலை | ஆகஸ்ட் 4, பகல் 12:10

புரிந்தது ஐயா, நன்றி. அந்தச் சுற்றுவழி நிரலை நேற்று இரவுதான் ஒட்டினேன். இப்போதே எடுத்துவிடுகிறேன்.

#12 மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 6, இரவு 10:45

இரண்டு நாள் உட்கார்ந்து 412 வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். விரிதாளில் நிறம் போட்டுப் பிரித்தேன். கிடைத்தது இது.

தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்த பாட்கள் 88. கூகுள், பிங், அப்புறம் நான் கேள்விப்படாத பெயர்கள் பல. முன்னோட்டம் எடுக்க வந்த வாட்ஸ்அப், பேஸ்புக், டெலிகிராம் சேர்த்து 31. அடுத்ததைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன், 20 வரிகளில் ஐபி முகவரி என் சொந்த சர்வரின் முகவரி! உடைந்த இணைப்புகளைத் தேடும் பிளகின் ஒன்று வைத்திருக்கிறேன். அது மூன்று நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி. வேலை செய்கிறதா என்று நானே என் வீட்டிலிருந்து தட்டியது 14.

மிச்சத்தில், ஒரே ஐபி, ஒரே பிரவுசர், பத்து நொடிக்குள் மறுபடியும் வந்தவை 45.

ஆக 198 கழிந்தது. மனிதர்கள் என்று நம்பக்கூடியது 214.

கடைக்காரரிடமும் பேசினேன். அந்தச் சலுகைப் பக்கம் என் வாசகர்களுக்காகவே அவர் உருவாக்கியது. வேறு எங்கிருந்தும் அதற்கு இணைப்பு இல்லை. அதனால் எந்த வழி என்று பார்க்காமல் அந்தப் பக்கத்தில் இறங்கியவர்களை மட்டும் எடுக்கச் சொன்னேன். 121 ரெஃபரல், 66 டைரக்ட், மொத்தம் 187 என்று வந்தது. பழையசர்வர் அண்ணா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

412க்கும் 121க்கும் நடுவில் இருந்த பள்ளம் இப்போது 214க்கும் 187க்கும் நடுவில் வந்து நிற்கிறது. இந்த 27 பேர் எங்கே போனார்கள்?

#13 கடைத்தெரு | ஆகஸ்ட் 7, காலை 8:15

அருமையான வேலை செய்திருக்கிறீர்கள். என்னிடம் விளம்பரம் விற்றவர்களில் ஒருவர்கூட இப்படி வரிவரியாகப் பார்த்துச் சொன்னதில்லை. இந்தத் தாளை அப்படியே கடைக்காரருக்கு அனுப்புங்கள்.

27 பேர் பற்றி: எங்கள் கடைத் தளம் கைபேசியில் திறக்க நேரமாகும். தட்டிவிட்டுப் பொறுமையில்லாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அனலிட்டிக்ஸ் நிரல் ஓடுவதற்குள் போய்விட்டால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

#14 பழையசர்வர் | ஆகஸ்ட் 7, பகல் 1:40

அதுதான் முதல் காரணம். இரண்டாவது, விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள். யூபிளாக் ஆரிஜின் போன்றவை விளம்பரத்தை மட்டும் தடுப்பதில்லை, அனலிட்டிக்ஸையும் தடுக்கும். அவர்கள் கடைக்குப் போய் விதை வாங்கினாலும் கடைக்காரரின் அறிக்கையில் தெரியாது. உங்கள் ரீடைரக்ட் சர்வரில் நடப்பதால் உங்களுக்கு மட்டும் தெரியும். எட்டு பேரில் ஒருவர் இப்படி உதிர்வது எனக்கு வியப்பாக இல்லை. இந்த இடைவெளியை முழுக்க மூட முயல வேண்டாம். மாதாமாதம் இதே அளவில் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கடைக்காரர் எண் திடீரென்று உங்கள் எண்ணில் பாதியாகிவிட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

அந்த 45 பற்றி ஒரு சந்தேகம். எல்லாம் இரட்டைத் தட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தளத்தை வேகமாக்க ஏதாவது பிளகின் போட்டிருக்கிறீர்களா? சுட்டியை இணைப்பின் மேல் கொண்டுபோனாலே அடுத்த பக்கத்தை முன்கூட்டியே இழுத்து வைக்கும் பிளகின்கள் உண்டு. உங்கள் குட்டி முகவரி உங்கள் டொமைனிலேயே இருப்பதால், அதையும் உள்பக்கம் என்று நினைத்து இழுக்கும். 2025 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.8 முதல் இப்படி முன்கூட்டி இழுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அது சுட்டி மேலே போனதும் இழுக்காது, அழுத்தத் தொடங்கும்போதுதான் இழுக்கும். ஆனாலும் ஒரு கிளிக் இரண்டாகப் பதிய வாய்ப்புண்டு. இப்படி வரும் கோரிக்கையோடு 'இது முன்கூட்டி இழுப்பது' என்று ஒரு தலைப்புக் குறிப்பும் வரும். வழக்கமான லாகில் அது பதிவாகாது. எண்ணும் நிரல்தான் அதைப் பார்த்து ஒதுக்க வேண்டும். அந்தக் குட்டி முகவரியை இந்த வசதியிலிருந்து விலக்கிவிடுவது அதைவிட எளிது.

பத்து நொடி என்று நீங்கள் வைத்த எல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. பலர் ஒரே ஐபியை ஒரு நாளில் ஒருமுறைதான் எண்ணுவார்கள். நம் ஊரில் அது பெரிய அநியாயம். கைபேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நிறைய பேர் இருப்பார்கள். பிரவுசர் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாமே என்றால், ஆண்ட்ராய்டு குரோம் இப்போது எந்தக் கைபேசி என்று சொல்வதே இல்லை. எல்லாக் கைபேசியும் 'ஆண்ட்ராய்டு 10, கே' என்று ஒரே பெயரைத்தான் சொல்லும். நாள் முழுக்க ஒன்றாகச் சேர்த்தால் உண்மையான வாசகர்களைத் தொலைத்துவிடுவோம்.

#15 எட்டாம்பக்கம் | ஆகஸ்ட் 7, மாலை 5:00

ரீடைரக்ட் பற்றி என் பட்டறிவு ஒன்று. நான் முதலில் 301 என்ற வகையை வைத்திருந்தேன். அது நிரந்தர மாற்றம் என்று பொருள். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை என் சர்வரைத் தொடாமலே நேராகக் கடைக்குப் போய்விடும். இரண்டாவது, மூன்றாவது கிளிக்கெல்லாம் என் கணக்கில் வரவே இல்லை. 302 என்று மாற்றி, சேமித்து வைக்காதே என்ற குறிப்பையும் சேர்த்த பிறகுதான் சரியானது. பக்கங்களைச் சேமித்து வைத்துத் தரும் கேஷ் பிளகின் வைத்திருப்பவர்கள் அந்த முகவரியை அதிலிருந்தும் விலக்க வேண்டும்.

வாசகர் வாங்கினால் நமக்குக் கமிஷன் தரும் அமேசான் இணைப்புகளுக்கு நான் இந்த வழியைப் பயன்படுத்துவதில்லை. வாசகர் எந்தத் தளத்திலிருந்து வருகிறார் என்பதை மறைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் தனி டிராக்கிங் ஐடி உருவாக்கி, அவர்கள் அறிக்கையிலேயே பார்த்துக்கொள்கிறேன். வாசகர் போய் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் நமக்குக் கணக்கு. அதனால் அங்கே கிளிக் எண்ணிக்கையைவிட எந்தப் பதிவு வாங்க வைக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

#16 புதுவலை | ஆகஸ்ட் 7, மாலை 6:20

பிளாகரில் சர்வர் நம் கையில் இல்லையே. எனக்கும் ஒருநாள் நேரடி விளம்பரம் வந்தால் என்ன செய்வது? அனலிட்டிக்ஸில் வெளி இணைப்புக் கிளிக்கைத் தானாகவே எண்ணும் வசதி இருக்கிறதே, அது போதாதா?

#17 எட்டாம்பக்கம் | ஆகஸ்ட் 7, இரவு 7:05

நானும் பிளாகர்தான். அந்த வசதி ஒரு சுமாரான படம் தரும். பில் போடப் போதாது. காரணம், அது பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். விளம்பரத் தடுப்பான் இருந்தால் ஓடாது. விரலை அழுத்திப் பிடித்து 'புதிய தாவலில் திற' என்று ஒருவர் திறந்தால் கிளிக் என்ற நிகழ்வே நடப்பதில்லை. கணினியில் சுட்டியின் நடுப்பொத்தானை அழுத்தித் திறந்தாலும் வழக்கமான கிளிக் நிகழ்வு வராது, அதற்கு வேறு நிகழ்வு. நீங்களே நிரல் எழுதினால் 'சென்ட்பீக்கன்' என்ற முறையில் தகவலை அனுப்புங்கள். பக்கம் மாறிக்கொண்டிருக்கும்போதும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

ரீடைரக்டுக்கு நான் கிளவுட்ஃபிளேர் ஒர்க்கர்ஸ் வைத்திருக்கிறேன், நம் நிரலை அவர்கள் சர்வரில் ஓட்டித் தரும் சேவை அது. என் டொமைனுக்குக் கீழே ஒரு துணை டொமைன், அதில் பத்துப் பதினைந்து வரி நிரல். இலவசத் திட்டத்தில் நாளுக்கு ஒரு லட்சம் கோரிக்கை வரை அனுமதி. நம் போன்றவர்களுக்கு அது ஆயுசுக்கும் போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். போக வேண்டிய முகவரியை இணைப்பிலேயே எழுதி, அதை அப்படியே நம்பித் திருப்பிவிடும் நிரலை எழுதாதீர்கள். எவரும் உங்கள் டொமைனைக் காட்டி மோசடித் தளத்துக்கு ஆள் அனுப்பிவிடலாம். இணைப்பில் ஒரு குறியீட்டுப் பெயர் மட்டும் இருக்கட்டும், முகவரிப் பட்டியல் நிரலுக்குள் இருக்கட்டும்.

#18 மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 9, காலை 10:30

கடைக்காரருக்கு விரிதாளை அனுப்பி, 214க்கு 1,070 ரூபாய் என்று புதிய பில் போட்டேன். அரைமணி நேரத்தில் பணம் அனுப்பிவிட்டார். ஆகஸ்டுக்கும் விளம்பரம் தொடரட்டும் என்றார். மனசு லேசாகிவிட்டது.

இப்போது இன்னொரு கேள்வி. பேனரில் இந்த வாரம் 18 கிளிக். தக்காளி நாற்று பற்றிய பதிவுக்குள் இருக்கும் இணைப்பில் 11. பேனர்தான் நல்ல இடம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#19 பழையசர்வர் | ஆகஸ்ட் 9, பகல் 12:00

எடுத்துக்கொள்ள முடியாது. இவ்வளவு சிறிய எண்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். இரண்டையும் கூட்டினால் 29. அதன் வர்க்கமூலம் ஐந்தரைக்குப் பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 7. வித்தியாசம் அந்த வர்க்கமூலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான், அதாவது குறைந்தது 11 இருந்தால்தான், ஏதோ இருக்கிறது என்று நினைக்கவே தொடங்கலாம். அடுத்த வாரம் இதே இரண்டு இடமும் தலைகீழாக வரலாம். குறைந்தது இரண்டு மாதம் சேரட்டும்.

அதோடு, பேனர் எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது, தக்காளி இணைப்பு ஒரே பதிவில். அந்தப் பதிவை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதால் வகுத்துப் பார்த்தால் தக்காளிதான் முன்னால் நிற்கும் என்பது என் ஊகம்.

#20 கடைத்தெரு | ஆகஸ்ட் 9, மாலை 4:30

என் கருத்து வேறு. சிறு வலைப்பூவுக்குக் கிளிக் கணக்கே வேண்டாம். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை பேசிவிடுங்கள். கிளிக் எண்ணிக்கையைத் தகவலாக மட்டும் கொடுங்கள். யாருக்கும் சந்தேகமே வராது. எனக்குக் கடைசியில் வேண்டியது ஆர்டர். அதற்கு உங்கள் வாசகருக்கென்று ஒரு கூப்பன் சொல் கொடுக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பாதிப் பேர் தளத்தைப் பார்த்துவிட்டு போனில் கூப்பிட்டுத்தான் வாங்குவார்கள். எந்த அனலிட்டிக்ஸும் அதைப் பிடிக்காது. கூப்பன் சொல்லைப் போனில் சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

#21 எட்டாம்பக்கம் | ஆகஸ்ட் 9, மாலை 5:15

கூப்பன் நல்ல யோசனை. மாதத் தொகையில் எனக்கு உடன்பாடில்லை. பதிவு எழுதாமல் சும்மா இருக்கும் மாதமும் அதே பணம் வாங்க என் மனம் ஒப்பாது. கிளிக்குக்கு என்றால் நான் உழைத்த அளவுக்குத்தான் வருகிறது.

#22 கடைத்தெரு | ஆகஸ்ட் 9, மாலை 5:40

நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் பண்டிகை மாதத்தில் கிளிக் கூடிப் பில் ஏறினால் சின்னக் கடை தாங்காது. அப்படியென்றால் கிளிக்குக்கு இவ்வளவு, ஆனால் மாதம் இந்தத் தொகைக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு வைக்கலாம்.

#23 பழையசர்வர் | ஆகஸ்ட் 10, காலை 9:20

இனி புதிதாக வைக்கும் இணைப்புகளில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன் சகோதரி. கடையின் முகவரிக்குப் பின்னால் யூடிஎம் குறிச்சொற்களை, அதாவது வாசகர் எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும் சொற்களை, சேருங்கள். பேனருக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று. அப்போது நோரெஃபரர் இருந்தாலும் கடைக்காரரின் அறிக்கையில் சரியான வரிசையில் விழும். ஒட்டியதும் ஒருமுறை தட்டி, கடைசியில் திறக்கும் முகவரியில் குறிச்சொல் அப்படியே இருக்கிறதா பாருங்கள். கடைத் தளம் உள்ளுக்குள் இன்னொரு முறை திருப்பிவிடும்போது அதை உதிர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

பாட்கள் பின்தொடர வேண்டாம் என்று ரோபாட்ஸ் கோப்பில் அந்தக் குட்டி முகவரியைத் தடை செய்யுங்கள். ஒழுங்கான பாட்கள் கேட்கும். பணம் வாங்கிய இணைப்பு என்பதால் 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்பும் இணைப்பில் இருக்க வேண்டும். கூகுள் 2019 முதல் அப்படிக் கேட்கிறது. வாசகருக்கும் 'விளம்பரம்' என்று தெளிவாக எழுதுங்கள்.

ஐபி முகவரி மற்றவர்களுடைய தகவல். கணக்கு முடிந்ததும் விரிதாளிலிருந்து அந்தப் பத்தியை அழித்துவிடுங்கள், கடைக்காரருக்கு அனுப்பும் பிரதியில் அது இருக்கவே வேண்டாம். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி என்று படிக்க வந்தவரின் முகவரியை நாம் ஏன் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும்?

#24 மாடித்தோட்டம் | ஆகஸ்ட் 10, காலை 9:55

ஐயோ, அனுப்பிய தாளில் ஐபி பத்தி இருந்தது. இப்போதே அவரிடம் சொல்லி அழிக்கச் சொல்கிறேன்.

#25 மாடித்தோட்டம் | செப்டம்பர் 2, இரவு 8:30

ஆகஸ்ட் கணக்கு வந்துவிட்டது. நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். உடைந்த இணைப்பு தேடும் பிளகினில் அந்த முகவரியை விலக்கினேன். முன்கூட்டி இழுக்கும் வசதியையும் அதற்கு நிறுத்தினேன். வாட்ஸ்அப்பில் குட்டி முகவரிக்குப் பதிலாகப் பதிவின் முகவரியையே பகிர்ந்தேன்.

என் கணக்கு 168, கடைக்காரர் கணக்கு 151. பத்துக்கு ஒருவர் உதிர்கிறார். அவர் கொடுத்த கூப்பன் சொல்லைச் சொல்லி 19 ஆர்டர் வந்திருக்கிறது, அதில் 7 போனிலும் வாட்ஸ்அப்பிலும். அந்த ஏழில் ஒருவர் 40 குரோ பேக் வாங்கினாராம். அவர் என் வாசகர் என்பது கூப்பன் இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது.

பேச்சையும் எழுத்தில் போட்டுக்கொண்டோம், அரைப் பக்கம்தான். பாட், முன்னோட்டம், என் சொந்தத் தட்டல், பத்து நொடிக்குள் வரும் மறுதட்டல் நான்கையும் கழித்த என் எண்ணிக்கைக்குத்தான் பில். இரண்டு கணக்குக்கும் நடுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து லாகைத் திறந்து பார்ப்பது. மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. கடைத்தெரு அவர்கள் சொன்ன உச்சவரம்பைக் கேட்டதும் கடைக்காரருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

பேனருக்கும் தக்காளிப் பதிவுக்கும் இடையே எது நல்ல இடம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை அண்ணா. இரண்டு மாதம் சேரட்டும் என்று காத்திருக்கிறேன்.

#26 பழையசர்வர் | செப்டம்பர் 2, இரவு 9:15

மிக்க மகிழ்ச்சி சகோதரி. ஆகஸ்ட் லாகை இறக்கி வைத்துக்கொண்டீர்களா?

#27 மாடித்தோட்டம் | செப்டம்பர் 2, இரவு 9:20

வைத்துக்கொண்டேன். ஐபி பத்தியை அழித்த பிரதியைக் கடைக்காரருக்கும் அனுப்பிவிட்டேன்.